இரண்டு வாரத்தில் ஒரு முழுத் துண்டு: அஜைல் முறையில் திட்டமிடக் கற்பது

மென்பொருளைச் சிறு சிறு துண்டாக எழுதிக் காட்டி, திருத்திக்கொண்டே போகும் அஜைல் முறையைக் கற்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஜிரா என்ற வேலைப் பட்டியல் மென்பொருளைத் திறந்து, போர்டில் நான்கு பத்தி போட்டு, காலையில் கால்மணி நேரம் கூடிப் பேசுவதில் தொடங்குகிறார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் கூட்டங்கள் கூடியிருக்கும், ரிலீஸ் தேதி மட்டும் முன்போலவே தள்ளிக்கொண்டே போகும். வேலை இன்னும் பழைய அளவிலேயே, பெரிய பெரிய கட்டிகளாகவே உள்ளே வந்துகொண்டிருப்பதுதான் காரணம். பயனர் தொட்டுப் பார்க்கக்கூடிய சிறு துண்டாக வேலையை நறுக்கவும், எடுத்த துண்டை முழுதாக முடித்துக் காட்டவும் தெரிந்துவிட்டால் ஸ்பிரின்ட் (ஒரு சுற்று வேலைக்கான குறித்த காலம், இங்கே இரண்டு வாரம்), வெலாசிட்டி (ஒரு ஸ்பிரின்டில் குழு முடிக்கும் வேலையின் அளவு) எல்லாம் தானாகப் பிடிபடும். அது கைவராதவரை எந்தக் கருவியும் கைகொடுக்காது. ஆகவே இந்த வழிகாட்டி நறுக்குவதில் அதிக நேரம் நிற்கும். மற்றவை அதையொட்டியே வரும்.

படிக்க வேண்டியது கொஞ்சம்தான்

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள ஸ்னோபேர்டில் 17 பேர் கூடி எழுதியதுதான் அஜைல் அறிக்கை. நான்கு மதிப்புகள், 12 கொள்கைகள்; பத்து நிமிடத்தில் படித்துவிடலாம். படிக்கும்போது நான்கு மதிப்புகளுக்கும் கீழே உள்ள கடைசி வாக்கியத்தைத் தவறவிடாதீர்கள். இயங்கும் மென்பொருளுக்கு விரிவான ஆவணத்தைவிட அதிக மதிப்புத் தருகிறோம் என்று மேலே சொல்லிவிட்டு, ஆவணத்துக்கும் மதிப்பு உண்டு என்று அந்த வாக்கியம் தெளிவாக்குகிறது. 'அஜைல் என்றால் ஆவணம் வேண்டாம், திட்டம் வேண்டாம்' என்று நினைப்பவர்கள் அந்த வரிக்கு முன்பே படிப்பதை நிறுத்தியவர்கள்.

அடுத்தது ஸ்க்ரம் வழிகாட்டி. ஜெஃப் சதர்லேண்டும் கென் ஷ்வேபரும் 1995-ல் பொதுவில் முன்வைத்த முறை ஸ்க்ரம்; வேலையை ஸ்பிரின்டுகளாகச் செய்யும் அஜைல் வழி அது. வழிகாட்டியாக 2010-ல் முதலில் வெளியிட்டார்கள். 2020 நவம்பரில் பெரிய அளவில் சுருக்கி எழுதினார்கள். 15 பக்கத்துக்கும் குறைவு, இலவசம். அதில் ஸ்டோரி பாயின்ட் (வேலையின் அளவைக் குறிக்கும் எண்) இல்லை, பர்ன்டவுன் (மிச்ச வேலையைக் காட்டும் வரைபடம்) கட்டாயமில்லை, ஜிராவின் பெயரே இல்லை. எவை விதி, எவை வழக்கத்தில் ஒட்டிக்கொண்டவை என்பதை இப்படிப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பின்னால் பல வாக்குவாதங்கள் மிச்சம்.

இந்த இரண்டும் போதும். பாக்கியெல்லாம் கையால் செய்து பார்த்தே வரும்.

நறுக்கும் கலை

ஒரு மருத்துவமனைக்கு இணைய வழியில் நேரம் பதிவு செய்யும் செயலி எழுதப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழகாத குழு இதை இப்படிப் பிரிக்கும்: முதல் ஸ்பிரின்டில் டேட்டாபேஸ், இரண்டாவதில் ஏபிஐ (திரையையும் டேட்டாபேஸையும் இணைக்கும் கோட்), மூன்றாவதில் திரைகள், நான்காவதில் டெஸ்டிங். காகிதத்தில் ஒழுங்காகத் தெரியும். ஆனால் எட்டு வாரம் முடியும்வரை யாரும் எதையும் தொட்டுப் பார்க்க முடியாது. மருத்துவர் பாதி நாளில் விடுப்பு எடுத்தால் என்ன செய்வது என்ற கேள்வி ஏழாவது வாரத்தில்தான் எழும். அதற்குள் டேட்டாபேஸ் அட்டவணை வேறு மாதிரி அமைந்து, அதன்மேல் ஏபிஐ எழுந்து, அதன்மேல் திரையும் ஏறியிருக்கும். ஒரு கேள்விக்காக மூன்று அடுக்கையும் பிரிக்க வேண்டிவரும்.

அடுக்கடுக்காகப் பிரிக்காமல், எல்லா அடுக்கிலும் கொஞ்சம் கொஞ்சம் வெட்டி எடுக்க வேண்டும். முதல் துண்டு இப்படி இருக்கலாம்: ஒரே ஒரு மருத்துவர், நாளை மட்டும், காலை 9 முதல் 12 வரை, 15 நிமிட இடைவெளியில் 12 நேரங்கள். நோயாளி பெயரும் கைபேசி எண்ணும் கொடுத்து ஒரு நேரத்தை எடுக்கிறார். திரையில் பதிவு எண் வருகிறது. லாகின் இல்லை, குறுஞ்செய்தி இல்லை, கட்டணம் இல்லை, அழகான திரையும் இல்லை. ஆனால் டேட்டாபேஸ் முதல் திரைவரை ஒரு நூல் முழுதாக ஓடுகிறது. முன்னலுவலக ஊழியரிடம் காட்டினால், 'இதில் பழைய நோயாளியா புதியவரா என்று எப்படித் தெரியும்?' என்று அவர் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுவார். அந்தக் கேள்வியை அவ்வளவு சீக்கிரம் வாங்குவதற்காகத்தான் இவ்வளவு சின்னதாக நறுக்குகிறோம்.

அடுத்தடுத்த துண்டுகள்: பதிவை ரத்து செய்வது, பல நாட்கள், பல மருத்துவர்கள், விடுப்பு நாட்களை அடைப்பது, குறுஞ்செய்தி, இணையக் கட்டணம். ஒரே நேரத்தை இரண்டு பேர் ஒரே நொடியில் எடுத்துவிடாமல் தடுப்பதை மட்டும் பின்னால் தள்ளாதீர்கள், அதை முதல் துண்டிலோ இரண்டாவதிலோ வையுங்கள். எளிதானதை முதலில் முடித்து எண்ணிக்கை காட்டும் ஆசை எல்லாக் குழுவுக்கும் வரும். எது தவறினால் மொத்தமும் கவிழுமோ அதைத்தான் முன்னால் கொண்டுவர வேண்டும்.

ஒரு பெரிய ஸ்டோரி (பயனரின் தேவையைச் சொல்லும் ஒரு துண்டு வேலை) முன்னால் வந்து, எங்கே வெட்டுவது என்று புரியாமல் நிற்கும்போது ஐந்து இடங்களில் கத்தியை வைத்துப் பாருங்கள். பயனர் செய்யும் படிகளில் வெட்டலாம்: முதல் படியும் கடைசிப் படியும் முதலில், நடுவில் உள்ளவை பிறகு. விதிகளில் வெட்டலாம்: பொது விதி முதலில், விதிவிலக்குகள் தனித் துண்டுகளாக. தரவில் வெட்டலாம்: ஒரு மருத்துவர், பிறகு பலர். சரியாக நடக்கும் பாதை ஒரு துண்டு, தவறு நேர்ந்தால் என்ன என்பது இன்னொரு துண்டு. கடைசியாக, எங்கிருந்து பயன்படுத்துகிறார்கள் என்பதில் வெட்டலாம்: முதலில் கைபேசித் திரை, பிறகு கணினி. இந்த ஐந்திலும் வெட்டு விழவில்லையென்றால் அந்த வேலையைப் பற்றி உங்களுக்கு இன்னும் போதுமான அளவு தெரியவில்லை என்றே அர்த்தம்.

துண்டு போதுமான அளவு சின்னதா என்று பார்க்க ஒரு கணக்கு: இரண்டு வார ஸ்பிரின்டில், தொடங்கிய நாளிலிருந்து இரண்டு மூன்று நாளில் ஒரு ஸ்டோரி முடிய வேண்டும். ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு ஒரு ஸ்பிரின்டில் ஆறு முதல் பத்து ஸ்டோரிகள் இருந்தால் ஆரோக்கியம். மொத்தமே இரண்டு ஸ்டோரிதான் என்றால் ஒன்று கவிழ்ந்தாலும் பாதி ஸ்பிரின்ட் போய்விடும்.

கார்டில் என்ன எழுதுவது

ஒவ்வொரு ஸ்டோரிக்கும் ஒரு கார்டு. அதில் யார், என்ன வேண்டும், எதற்காக என்ற மூன்றும் ஒரு வாக்கியத்தில் இருந்தால் போதும். 'எதற்காக' என்பதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இருந்தால்தான் டெவலப்பரால் இன்னும் எளிய வழியொன்றைச் சொல்ல முடியும். கார்டு, உரையாடல், உறுதிப்படுத்தல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே ஒரு ஸ்டோரி என்று ரான் ஜெஃப்ரீஸ் 2001-ல் எழுதினார். கார்டில் இருப்பது பேச வேண்டிய விஷயத்தின் நினைவுக் குறிப்பு மட்டும். மூன்று பக்க விவரத்தை, கணினியில் உள்ள கார்டான டிக்கெட்டில் ஒட்டிவிட்டு யாரும் யாரோடும் பேசாமல் இருப்பது பழைய முறையேதான்.

ரத்து செய்யும் ஸ்டோரியைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம்.

'பதிவு செய்த நோயாளியாக, வர முடியாதபோது என் நேரத்தை ரத்து செய்ய வேண்டும். அந்த நேரம் வேறொருவருக்குப் பயன்பட வேண்டும்.'

உறுதிப்படுத்தும் வரிகள்:
– பதிவு எண்ணும் கைபேசி எண்ணும் பொருந்தினால் மட்டுமே ரத்து செய்ய முடியும்.
– ரத்தான மறுகணமே அந்த நேரம் காலியாகத் தெரியும்.
– குறித்த நேரத்துக்கு இரண்டு மணி நேரத்துக்குள் ரத்து செய்ய முயன்றால், மருத்துவமனையைத் தொலைபேசியில் அழைக்கும்படி செய்தி வரும்.
– ஏற்கெனவே ரத்தானதை மறுபடி ரத்து செய்தால் பிழை வராது, 'ரத்தாகிவிட்டது' என்றே காட்டும்.

நான்காவது வரியைப் பாருங்கள். பொத்தானை இரண்டு முறை அழுத்துகிற பயனரை நினைத்து டெஸ்டர் கேட்ட கேள்வி அது. கோட் எழுதும் முன்பே டெஸ்டர் உட்கார்ந்திருந்ததால் ஒரு பக் பிறக்கவே இல்லை. உறுதிப்படுத்தும் வரிகள் ஏழு எட்டைத் தாண்டினால் அந்த ஸ்டோரியை இன்னும் நறுக்கலாம் என்று பொருள்.

'முடிந்தது' என்றால் என்ன

ஸ்பிரின்ட் தொடங்கும் முன்பே குழு முழுவதும் ஒப்புக்கொண்ட ஒரு பட்டியல் சுவரில் இருக்க வேண்டும்: கோட் மெயின் கிளையில் (குழுவின் பொதுக் கோடில்) மெர்ஜ் ஆகிவிட்டது, அதாவது சேர்ந்துவிட்டது, இன்னொருவர் ரிவ்யூ செய்துவிட்டார், தானியங்கி டெஸ்ட்கள் பாஸ் ஆகின்றன, டெஸ்ட் சர்வரில் டிப்ளாய் ஆகிவிட்டது (நிறுவப்பட்டு ஓடுகிறது), உறுதிப்படுத்தும் வரிகள் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கப்பட்டன. இவற்றில் ஒன்று குறைந்தாலும் அந்த ஸ்டோரிக்கு அந்த ஸ்பிரின்டில் பாயின்ட் பூஜ்யம். '90 சதவீதம் முடிந்தது' என்று எழுத இடமே இல்லை. கடுமையாகத் தோன்றும். ஆனால் பாதி மதிப்பெண் தர ஆரம்பித்தால் வெலாசிட்டி பொய் சொல்லத் தொடங்கும், அதை நம்பிப் போடும் ரிலீஸ் தேதியும் பொய்யாகிவிடும்.

இங்கே அடிக்கடி நேரும் கோளாறு ஒன்று. எல்லா ஸ்டோரியையும் முதல் நாளே ஆளுக்கொன்றாகத் தொடங்கிவிடுவார்கள். எட்டாவது, ஒன்பதாவது நாளில் எல்லாம் ஒன்றாக டெஸ்டரின் மேசையில் வந்து குவியும். ஒருவரால் இரண்டு நாளில் ஏழு ஸ்டோரியைப் பார்க்க முடியுமா? டெஸ்டிங் அடுத்த ஸ்பிரின்டுக்குப் போகும், அங்கே வரும் பக்குகள் அந்த ஸ்பிரின்டின் வேலையைத் தின்னும். தீர்வு டெஸ்டரைக் கூட்டுவதில் இல்லை. ஐந்து பேர் இருந்தால் முதல் நாள் இரண்டு மூன்று ஸ்டோரி மட்டும் திறங்கள். ஒரு ஸ்டோரியில் இரண்டு பேர் சேர்ந்து வேலை செய்யட்டும். மூன்றாவது நாளே முதலாவது ஸ்டோரி டெஸ்டர் கைக்கு வந்துவிட வேண்டும்.

அளவிடுவது

மனிதருக்கு 'இது எத்தனை மணி நேரம்' என்று சொல்ல வராது. 'இது அதைவிடப் பெரிதா' என்று சொல்ல நன்றாகவே வரும். ஸ்டோரி பாயின்ட் இந்த ஒன்றை நம்பித்தான் நிற்கிறது. குழு எல்லோருக்கும் தெரிந்த, முடித்துவிட்ட ஒரு ஸ்டோரியை எடுத்து அதற்கு 3 என்று வையுங்கள். இனி வருவதையெல்லாம் அதோடு ஒப்பிடுங்கள்: 1, 2, 3, 5, 8, 13. இடைவெளி விரிந்துகொண்டே போவதற்குக் காரணம் உண்டு. வேலை பெரிதாகப் பெரிதாக நம் கணிப்பின் துல்லியம் குறையும். 11-ஆ 12-ஆ என்று வாதாடுவதில் பயனில்லை.

சீட்டு காட்டி அளவிடும் பிளானிங் போக்கர் முறையை ஜேம்ஸ் கிரெனிங் 2002-ல் எழுதி வைத்தார். பொருள் உரிமையாளர் (ப்ராடக்ட் ஓனர், எதை முதலில் செய்வது என்று முடிவு செய்பவர்) ஸ்டோரியைப் படிக்கிறார். கேள்வி பதில் இரண்டு மூன்று நிமிடம். எல்லோரும் ஒரே நேரத்தில் சீட்டைக் காட்டுகிறார்கள். ஒரே நேரத்தில் என்பது முக்கியம். மூத்தவர் முதலில் எண்ணைச் சொல்லிவிட்டால் மற்றவர்கள் அதையே ஒட்டிச் சொல்வார்கள். 2, 3, 3, 3, 13 என்று வந்தால் சராசரி எடுக்கக் கூடாது. 2 காட்டியவரும் 13 காட்டியவரும் மட்டும் பேச வேண்டும். 13 காட்டியவர், 'குறுஞ்செய்தி அனுப்பும் சேவை மாறப்போகிறது, அது தெரியுமா?' என்று கேட்கலாம். அந்த ஒரு தகவலுக்காகவே இந்த விளையாட்டு. மறுபடி ஒரு சுற்று. மூன்றாவது சுற்றிலும் சேரவில்லையென்றால் பெரிய எண்ணை எடுத்துக்கொண்டு நகருங்கள்.

13 வந்தால் அது அளவு இல்லை, 'நறுக்கு' என்ற எச்சரிக்கை. யாருக்குமே தெரியாத தொழில்நுட்பம் என்றால் ஆழம் தெரியாமல் காலை விட வேண்டாம். ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் என்று வரம்பு வைத்து ஒரு ஸ்பைக் (ஆராய்ந்து பார்க்கும் சோதனை முயற்சி) போடுங்கள். ஸ்பைக்குக்கு ஒரே ஒரு கேள்வியை எழுதித் தர வேண்டும்: 'இந்தக் கட்டணச் சேவை பணத்தைத் திருப்பித் தரும்போது நமக்கு உடனே தகவல் அனுப்புமா?' பதில் கிடைத்ததும் ஸ்பைக் முடிந்தது. அதில் எழுதிய கோடைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

பாயின்டை மணியாக மாற்றாதீர்கள், ஒரு குழுவின் பாயின்டை இன்னொரு குழுவின் பாயின்டோடு ஒப்பிடாதீர்கள். வெலாசிட்டியைக் கூட்டச் சொல்லி மேலிருந்து அழுத்தம் வந்தால் அடுத்த மாதமே கூடிவிடும். 3 ஆக இருந்ததெல்லாம் 5 ஆகியிருக்கும், வேலை அப்படியே இருக்கும்.

ஸ்பிரின்ட் திட்டமிடல்: ஒரு கணக்கு

ஒரு மாத ஸ்பிரின்டுக்குத் திட்டமிடல் அதிகபட்சம் எட்டு மணி நேரம் என்கிறது ஸ்க்ரம் வழிகாட்டி. இரண்டு வாரத்துக்கு நான்கு மணிக்குள் அடங்க வேண்டும். பேக்லாக்கை (செய்ய வேண்டிய ஸ்டோரிகளின் பட்டியல்) முன்கூட்டியே சீர்செய்து வைத்திருந்தால் இரண்டு மணி போதும். இது இழுத்துக்கொண்டே போனால் குற்றம் அந்தக் கூட்டத்தில் இல்லை. முந்தைய வாரம் நறுக்காமல் விட்ட ஸ்டோரிகளை அங்கே உட்கார்ந்து நறுக்கிக்கொண்டிருப்பார்கள். அதற்கென்று வாரத்துக்கு ஒரு மணி நேரம் தனியாக ஒதுக்குங்கள்.

குழுவில் ஐந்து டெவலப்பர்கள், பத்து வேலை நாட்கள்: 50 ஆள்நாட்கள். இந்த முறை ஒருவருக்கு ஐந்து நாள் விடுப்பு, இன்னொருவருக்கு மூன்று நாள் பயிற்சி; மிச்சம் 42. அதாவது வழக்கமானதில் 84 சதவீதம். கடந்த மூன்று ஸ்பிரின்டுகளில் முடித்தவை 22, 20, 23. சராசரி ஏறக்குறைய 21.7. அதில் 84 சதவீதம் 18.2. ஆக 18 பாயின்டுக்கு மேல் எடுக்க வேண்டாம். முதல் ஸ்பிரின்டுக்குப் பழைய எண்ணே இருக்காது. அப்போது குழு 'இவ்வளவு முடியும்' என்று சொல்வதில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துத் தொடங்குங்கள். சீக்கிரம் முடிந்தால் அடுத்த ஸ்டோரியை உள்ளே இழுத்துக்கொள்ளலாம்.

எண்ணைவிட முக்கியம் ஸ்பிரின்ட் இலக்கு. 'நோயாளி தன் பதிவைத் தானே ரத்து செய்யலாம், தள்ளிப்போடலாம்' என்று ஒரே வாக்கியம். நடுவில் அவசர வேலை வந்தால் அது இந்த இலக்கைக் கெடுக்குமா என்று கேட்டு முடிவெடுக்க முடியும். இலக்கு இல்லாத ஸ்பிரின்டில் வருவதெல்லாம் பத்தோடு பதினொன்றாகச் சேர்ந்துவிடும். இலக்கே பொருளற்றுப் போனால் ஸ்பிரின்டை நிறுத்தலாம். அந்த அதிகாரம் பொருள் உரிமையாளருக்கு மட்டுமே.

அந்தப் பொருள் உரிமையாளர் ஒரே ஆளாக இருக்க வேண்டும், நாள்தோறும் கேள்விக்குப் பதில் சொல்லக் கிடைக்க வேண்டும். மூன்று பேர் கொண்ட குழுவையோ, 'கேட்டுச் சொல்கிறேன்' என்று மட்டும் சொல்லக்கூடிய ஒருவரையோ அந்த இடத்தில் வைத்தால் ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு நாள் போகும். பத்து நாள் ஸ்பிரின்டில் அது தாங்காது.

காலைக் கூட்டம்

15 நிமிடம். நேற்று என்ன, இன்று என்ன, தடை என்ன என்ற மூன்று கேள்விகளும் 2020 ஸ்க்ரம் வழிகாட்டியில் இல்லை. அந்தக் கேள்விகள் மேனேஜரிடம் ஒப்புவிக்கும் பழக்கத்தைத்தான் வளர்த்தன. 'நேற்று கட்டண வேலை பார்த்தேன், இன்றும் அதுதான், தடை இல்லை' என்று ஐந்து பேர் சொல்லிக் கலைந்தால் யாருக்கும் எதுவும் தெரியவரவில்லை.

ஆளை விட்டுவிட்டு வேலையைப் பாருங்கள். போர்டின் வலது ஓரத்திலிருந்து, அதாவது முடிவுக்கு மிக அருகில் இருப்பதிலிருந்து தொடங்குங்கள்.

'ரத்து ஸ்டோரி இரண்டு நாளா ரிவ்யூலயே நிக்குது. யாரு பார்க்கறீங்க?'
'நான் பதினோரு மணிக்குள்ள பார்த்துடறேன்.'
'சரி. அப்போ மதியமே டெஸ்ட் சர்வர்ல போட்டுடலாம். நான் புதுசா எதையும் எடுக்காம, தள்ளிப்போடற ஸ்டோரியில உங்களோட உட்கார்ந்துடறேன்.'

இவ்வளவுதான். ஒரு வேலை நகர்ந்தது, இன்னொன்று தொடங்காமல் தடுக்கப்பட்டது.

அகலக்கால் வைக்காமல் இருக்க

புதிதாக எதையும் தொடங்காமல் இருப்பதற்குக் கணித ஆதாரம் உண்டு. ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்த விதிப்படி, ஒரு வேலை உள்ளே வந்து வெளியே போக ஆகும் சராசரிக் காலம், உள்ளே இருக்கும் வேலைகளின் எண்ணிக்கையை முடிக்கும் வேகத்தால் வகுத்தால் கிடைக்கும். வாரம் மூன்று ஸ்டோரி முடிக்கும் குழு 12 ஸ்டோரியைத் திறந்து வைத்திருந்தால், ஒவ்வொன்றும் சராசரியாக நான்கு வாரம் எடுக்கும். திறந்திருப்பதை ஆறாகக் குறைத்தால் இரண்டு வாரம். யாரும் கூடுதலாக உழைக்கவில்லை.

ஒரே நேரத்தில் எத்தனை வேலை திறந்திருக்கலாம் என்ற வரம்பைப் போர்டிலேயே எழுதி வைப்பதுதான் கான்பன் என்ற முறையின் மையம். டொயோட்டா தொழிற்சாலைகளில் தாயிச்சி ஓனோ வளர்த்த அட்டை முறையிலிருந்து வந்தது. ஐந்து பேர் குழுவுக்குத் தொடக்கத்தில் இப்படி வையுங்கள்: செய்துகொண்டிருப்பது 3, ரிவ்யூ 2, டெஸ்டிங் 2. ரிவ்யூ பத்தி நிரம்பிவிட்டால், கோட் எழுதி முடித்தவர் அடுத்த டிக்கெட்டை எடுக்கக் கூடாது. ரிவ்யூவில் கைகொடுக்க வேண்டும். முதல் வாரம் சிலர் சும்மா இருப்பது போலத் தெரியும். அந்த நெருடல்தான் எங்கே அடைப்பு என்று காட்டுகிறது. உடனே வரம்பைத் தளர்த்திவிடாதீர்கள்.

பயனர் புகார், அவசரத் திருத்தம் என்று எந்த நேரத்தில் எது வரும் என்று தெரியாத குழுவுக்கு ஸ்பிரின்டே பொருந்தாது. இரண்டு வாரத் திட்டம் இரண்டாம் நாளே உடையும். அங்கே கான்பனோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கோடின் பக்கம்

நிர்வாக முறையை மட்டும் கற்று, எழுதும் முறையை மாற்றாத குழுக்கள் ஏழெட்டு ஸ்பிரின்டில் மூச்சுத் திணறும். கணக்கு எளிது. ஒவ்வொரு ஸ்பிரின்டிலும் சேரும் வசதிகளைக் கையால் சோதிக்க நான்கு மணி நேரம் ஆகும் என்று வையுங்கள். பழையது உடையவில்லை என்று ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் சோதிக்க வேண்டுமே. பத்தாவது ஸ்பிரின்டில் அது 40 மணி நேரம், ஒருவருடைய ஒரு வாரம். ஆகவே தானியங்கி டெஸ்ட், ஒவ்வொரு மெர்ஜிலும் தானாக ஓடும் பில்ட் (கோடைத் தொகுத்துச் சோதிக்கும் ஓட்டம்), நாளுக்கு ஒரு முறையாவது மெயினில் சேரும் சிறு மாற்றங்கள் ஆகிய மூன்றும் முதல் ஸ்பிரின்டிலிருந்தே வேண்டும். கென்ட் பெக் 1990-களில் உருவாக்கிய எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் வற்புறுத்தியது இவற்றைத்தான். ஸ்க்ரம் இதைப் பற்றிப் பேசாது என்பதால் தேவையில்லை என்று ஆகிவிடாது.

காட்டுவதும் திரும்பிப் பார்ப்பதும்

ஸ்பிரின்ட் முடிவில், செய்ததைக் காட்டும் ரிவ்யூ கூட்டத்தில் ஸ்லைடு வேண்டாம். டெஸ்ட் சர்வரைத் திறந்து, பயனரின் கையிலேயே கொடுங்கள். அவர் எங்கே தயங்குகிறார் என்று ஒருவர் குறித்துக்கொள்ள வேண்டும். முடியாத ஸ்டோரியைக் காட்டாதீர்கள், காட்டினால் முடிந்துவிட்டது என்றே பார்ப்பவர் நினைத்துக்கொள்வார். இரண்டு வார ஸ்பிரின்டுக்கு ஒரு மணி நேரம் பெரும்பாலும் போதும்.

வேலை செய்த விதத்தைக் குழு திரும்பிப் பார்க்கும் ரெட்ரோ கூட்டத்தில் பத்துக் குறை எழுதி, பத்துக்கும் தீர்வு எழுதி, ஒன்றும் செய்யாமல் போவது வாடிக்கை. ஒன்றே ஒன்றை எடுங்கள். அதற்கு ஒரு பெயர், ஒரு தேதி, அடுத்த ஸ்பிரின்ட் பேக்லாக்கில் ஒரு இடம். 'ரிவ்யூ தாமதமாகிறது' என்பது புலம்பல். 'மதியம் இரண்டு மணிக்கு எல்லோரும் அரை மணி நேரம் ரிவ்யூ மட்டும் பார்ப்போம், இரண்டு வாரம் செய்து பார்ப்போம்' என்பதைச் செய்து பார்க்கலாம். அடுத்த ரெட்ரோ அது நடந்ததா என்ற கேள்வியோடுதான் தொடங்க வேண்டும். மேனேஜர் உட்கார்ந்திருந்தால் வாய் திறக்காத குழு என்றால் அவர் வெளியே இருப்பதே நல்லது.

தேதி கேட்கிறார்களே

அஜைலில் தேதி சொல்ல மாட்டோம் என்று சொல்லித் தப்பிக்கக் கூடாது. கேட்பவருக்குப் பணம், விளம்பரம், ஆட்கள் என்று ஆயிரம் ஏற்பாடு இருக்கும். ஒரே தேதியாகச் சொல்லாமல் வரம்பாகச் சொல்ல வேண்டும்.

கடைசி எட்டு ஸ்பிரின்டுகளில் முடித்தவை: 19, 24, 21, 17, 26, 22, 20, 23. மிகக் குறைந்த மூன்றின் சராசரி 18.7, மிக அதிகமான மூன்றின் சராசரி 24.3. பேக்லாக்கில் பாக்கி 140 பாயின்ட். நன்றாகப் போனால் ஆறு ஸ்பிரின்ட், மோசமாகப் போனால் எட்டு. ஆனால் இதோடு நிறுத்தினால் கணக்கு தவறும். பேக்லாக்கும் வளர்கிறதே! ஸ்பிரின்டுக்கு ஐந்து பாயின்ட் புதிதாகச் சேர்கிறது என்றால் நிகர வேகம் 13.7 முதல் 19.3 வரைதான். இப்போது விடை எட்டு முதல் பதினொன்று. அதாவது 16 முதல் 22 வாரம். இந்த வளர்ச்சியைக் கழிக்க மறப்பதால்தான் பல தேதிகள் தவறுகின்றன. ஒவ்வொரு ஸ்பிரின்ட் முடிவிலும் இதே கணக்கை மறுபடி போட்டு, மாறிய வரம்பைத் தயங்காமல் சொல்லிவிடுங்கள்.

தேதியை நகர்த்த முடியாது என்றால் ஸ்கோப்தான், அதாவது செய்யும் வேலையின் அளவுதான், நகர வேண்டும். இது இல்லாமல் செயலியைத் திறக்கவே முடியாதா என்று ஒவ்வொரு ஸ்டோரியைப் பற்றியும் கேட்டுப் பிரித்து வையுங்கள். மேலே நறுக்கிய விதம் இங்கேதான் கைகொடுக்கும். அடுக்கடுக்காகப் பிரித்த திட்டத்தில் எதையும் வெட்ட முடியாது. கடைசி நேரத்தில் ஆளைச் சேர்ப்பது உதவாது: தாமதமான திட்டத்தில் ஆளைக் கூட்டினால் அது இன்னும் தாமதமாகும் என்று ஃபிரெட் புரூக்ஸ் 1975-லேயே எழுதிவிட்டார். ஐந்து பேருக்குள் பேச்சு வழிகள் 10, ஒன்பது பேருக்குள் 36. புதியவருக்குச் சொல்லித் தருவதும் இருக்கிற ஐந்து பேரின் நேரம்தான்.

தனியாகப் பழகுவதற்கு

குழு இல்லையென்றாலும் பழகலாம். நாள்தோறும் பயன்படுத்தும் ஒரு செயலியை எடுத்து, அதை முதலிலிருந்து எழுதுவதானால் என்னென்ன ஸ்டோரி என்று 20 எழுதுங்கள். ஒவ்வொன்றையும் மேலே சொன்ன ஐந்து இடங்களில் வெட்டிப் பாருங்கள். முதல் வாரம் முழுக்க இது போதும். இரண்டாவது வாரத்திலிருந்து உங்கள் சொந்தச் சிறு திட்டம் ஒன்றை ஒரு வார ஸ்பிரின்டாக ஓட்டுங்கள். காகிதச் சீட்டும் சுவரும் போதும், திறந்திருப்பது ஒரே ஒரு ஸ்டோரி. வார முடிவில் வேறு யாராவது ஒருவரிடம் கொடுத்துப் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

சான்றிதழ் வேண்டுமென்றால் பிஎஸ்எம் ஒன்று (புரொஃபஷனல் ஸ்க்ரம் மாஸ்டர்) என்ற தேர்வுக்குப் பயிற்சி வகுப்பு கட்டாயமில்லை. 60 நிமிடத்தில் 80 கேள்விகள், தேர்ச்சிக்கு 85 சதவீதம். சிஎஸ்எம் (சர்டிஃபைட் ஸ்க்ரம்மாஸ்டர்) சான்றிதழுக்கு அங்கீகரித்த பயிற்சியாளரின் வகுப்பில் சேர்ந்தாக வேண்டும். இரண்டுமே நறுக்கத் தெரியுமா என்று சோதிப்பதில்லை. கைப்பழக்கம் வந்தபின் எழுதினால் போதும்.

ஒரு நோட்டில் ஒவ்வொரு ஸ்டோரிக்கும் நான்கு குறிப்பு வையுங்கள்: மதிப்பிட்ட பாயின்ட், தொடங்கிய நாள், முடிந்த நாள், நினைத்ததிலிருந்து மாறியது ஏன். நான்கு வாரம் கழித்து அந்தக் கடைசிக் குறிப்புகளை மட்டும் ஒன்றாக வாசியுங்கள். வெளிச் சேவையோடு இணைக்கும் வேலைகளா, திரை வடிவமைப்பா, பழைய தரவை மாற்றும் வேலைகளா, எந்த வகையில் திரும்பத் திரும்பத் தவறியிருக்கிறீர்கள் என்று தெரிந்துவிடும். ஐந்தாவது வாரம் அந்த வகை ஸ்டோரிகளை எடுத்து, முதலில் அவற்றை மட்டும் இன்னும் சிறிதாக நறுக்குங்கள்.